இரட்டைக் கோடு

13-ஆம் குரோமோசோமில் ஆள் நடமாட்டம் குறைவு. ராஜபாளையத்தில் பஸ் ஏறிக் கிழக்கே சத்திரப்பட்டியைத் தாண்டினால் கரிசல் தொடங்கிவிடும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் வேலிக்கருவையும் வெட்டவெளியும்தான். 13-க்கும் அதே சாயல். 2004-ல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தார் அதைப் படித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டபோது, 9 கோடியே 55 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளில் 633 மரபணுக்களைத்தான் எண்ணினார்கள். பத்து லட்சம் எழுத்துக்கு ஆறரை வீடு. ஆனால் இருக்கிற வீடுகளில் சில பெரிய வீடுகள். மார்பகப் புற்றுநோய்ப் பேச்சில் அடிபடும் பிஆர்சிஏ2 அங்கேதான் இருக்கிறது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றுக்குக் காரணமான ஆர்பி1, காது கேட்பதற்கு வேண்டிய ஜிஜேபி2 இரண்டுக்கும் அதே முகவரி. இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வீட்டைப் பற்றியது. பிழைப்புக்காக எல்லாக் குரோமோசோம்களையும் பார்க்கிறேன் என்றாலும் 13-இன் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்தது இதனால்தான்.

இருபத்தைந்து வருடமாக இதுதான் வேலை. என்ன வேலை என்று தெருவில் யாராவது கேட்டால், “ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கா” என்று அம்மா முடித்துவிடுவாள்.

நான் சேர்ந்தபோது எங்கள் லேபில் எழுத்து படிக்கும் மிஷின் கிடையாது. குரோமோசோமைக் கண்ணால் பார்ப்போம். ரத்தத்தின் வெள்ளை அணுக்களை மூன்று நாள் வளர்க்க வேண்டும். அவற்றைப் பெருகத் தூண்டும் பொருள் ராஜ்மா வகை அவரை விதையிலிருந்து வருவது. பெருகும் அணுவைச் சரியான கணத்தில் நிறுத்திவைப்பது கால்ச்சிசின். நம் ஊர் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிற அதே நஞ்சு. கண்வலிக்கிழங்கு என்று காட்டில் பிள்ளைகளைத் தொட விடமாட்டார்களே, அதுதான். பிறகு உப்புக் குறைந்த நீரில் அணுவை ஊதவிட்டு, ஈரக் கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு முழ உயரத்திலிருந்து சொட்டுவிட வேண்டும். சொட்டு விழுந்து உடையும்போது குரோமோசோம்கள் விரிந்து பரவும்.

அந்தச் சொட்டுக்குப் பருவம் தெரியும். காற்றில் ஈரம் மிகுந்தால் தகடு மெல்லக் காய்ந்து குரோமோசோம்கள் சிதறி ஓடிவிடும்; வறண்டால் விரியாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்குகிற மாதங்களில் ஒரு கை, சித்திரை வெயிலில் ஒரு கை என்று இரண்டு கைப்பழக்கம் வைத்திருந்தேன். எழுதிவைத்த செய்முறையில் இது இராது. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று உலகமே முப்பது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்ததற்கும் சரியாக விரியாத தகடுகள் ஒரு காரணம். 1956-ல் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் நன்றாக விரித்துப் பார்த்து 46 என்றார்கள்.

தகட்டில் 13, 14, 15 மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மூன்றுக்கும் ஒரு பக்கம் நீண்ட கை, மறுபக்கம் குமிழ் மாதிரி ஒரு மொட்டைக் கை. சாயப் பட்டைகளை வைத்துத்தான் ஆளைச் சொல்ல முடியும். அந்த மொட்டைக் கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அம்மா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ரிங் பிரேமில் சைடு பார்த்தவள். இழை அறுந்தால் சுழலும் ஸ்பிண்டிலை முழங்காலால் பிரேக் போட்டு நிறுத்தி, பாபினிலிருந்து நுனியை உருவி, டிராவலருக்குள் நுழைத்து, முன்ரோலரிலிருந்து வழிகிற பஞ்சோடு தொடுவாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொள்ளும். தடிமனாக ஒட்டினால் தறியில் போய்க் கழுத்தறுக்கும் என்பாள். எந்த நுனி எந்த நுனியோடு என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை, கண் முன்னால் அறுந்த இழை. எங்கள் தொழிலில் நுனிகள் கலந்து கிடக்கும்.

ஒரு குரோமோசோமை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மூச்சில் படிக்கிற மிஷின் இன்றைக்கும் இல்லை. 2004-ல் 13-ஐப் படித்தவர்கள், அதை ஒன்று இரண்டு லட்சம் எழுத்துத் துண்டுகளாக்கிப் பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்தார்கள். ஒவ்வொரு துண்டையும் சில நூறு எழுத்துகளாக மீண்டும் நறுக்கிப் படித்து, ஒன்றின் வாலும் மற்றதன் தலையும் ஒத்துப்போகும் இடம் பார்த்து ஒட்டினார்கள். ஒரே சொல் நூறு தடவை திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் எந்த வால் எந்தத் தலைக்கு என்று யாரால் சொல்ல முடியும்? அங்கே ஒட்டாமல் விட்டார்கள். தெரியாத எழுத்துக்கு ‘என்’ போடுவது எங்கள் வழக்கம். நான் பல வருடம் பயன்படுத்திய மூல ஏட்டில் 13-இன் கோப்பைத் திறந்தால், முதல் ஒன்றரைக் கோடிக்கும் மேல் வெறும் என், என், என். அந்த மொட்டைக் கைதான். அதை நிரப்பி முழுக் குரோமோசோமையும் வெளியிட 2022 ஆயிற்று. அதற்கும் அவர்கள் எடுத்துக்கொண்டது முத்துப்பிள்ளை என்று சொல்வோமே, பிள்ளையாகாத அந்தக் கருவின் அணுக்களை. தாயின் பங்கு இல்லாமல் தகப்பனின் ஒற்றைப் படியே இரட்டித்துக்கொண்ட கரு அது. இரண்டு படியும் அச்சு அசல் ஒன்று என்பதால் ஒட்டுகிறவனுக்குக் குழப்பம் பாதியாகும். இரண்டு படியும் ஒன்றாக இருந்தால் வேலை எளிது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூல ஏடு என்றேன். எங்கள் வேலையில் பெரும்பகுதி ஒப்பிடுவது. நோயாளியின் எழுத்தை ஏட்டின் எழுத்தோடு வைத்துப் பாடபேதம் தேடுவோம். அந்த ஏடு யாருடையது? 1997-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பத்திரிகை விளம்பரம் பார்த்து ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவருடையதுதான் அதில் சுமார் 70 சதவீதம். நல்ல மனிதர், பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் ராஜபாளையத்துப் பிள்ளையின் ரத்தத்தை அவரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வந்துகொண்டேதான் இருக்கும். எது நோய், எது ஊர்வழக்கு? ஒப்பிட நம்மவர்கள் போதுமான அளவு இருந்தால்தான் அதற்குப் பதில். 11-ஆம் குரோமோசோமில் இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்து விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேருக்கு உண்டு. வயதாக ஆக இதயம் பலவீனப்படும் அபாயத்தைக் கூட்டுவது. 2009-ல் அதை வெளியிட்ட கட்டுரையில் முதல் பெயர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியுடையது. நம்மவரைப் பார்த்தவருக்குத்தான் அது கண்ணில் பட்டது.

இனி, ஜிஜேபி2-க்காக என்னிடம் வந்த ஒரு குடும்பம். ஊர்கள் உண்மை, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ராஜபாளையத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் குழந்தையின் ரத்தம் வந்தது. பிறவியிலேயே காது கேட்கவில்லை. வேறு குறை எதுவும் இல்லை. கூடவே வந்த படிவத்தில் ‘நெருங்கிய உறவில் திருமணமா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக். ஊதாமூடிக் குழாயிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பதில் ஒரு கட்டம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. தெளிந்த நீரில் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றிக் குழாயை மெல்லச் சாய்த்துச் சாய்த்து எடுத்தால், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு பிசிர் திரளும். வெடித்த இலவங்காயிலிருந்து காற்றில் கிளம்புகிற பஞ்சு மாதிரி. ஒரு தடவை மில்லுக்குப் போகிற அம்மாவின் பழைய தோழியிடம் காட்டினேன். “என்ன கவுண்ட்டு தாயி?” என்றார்.

ஜிஜேபி2 சிறிய மரபணு. புரதமாக மாறுகிற பகுதி 681 எழுத்துகள்தான், அதுவும் ஒரே துண்டில். பழைய சாங்கர் முறையிலேயே படித்துவிடலாம். திரையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு வண்ணச் சிகரமாக வரும்: ஏ பச்சை, சி நீலம், ஜி கறுப்பு, டி சிவப்பு. மலைத்தொடர் மாதிரி போய்க்கொண்டிருக்கும். 71-ஆவது இடத்தில் கறுப்பு இருக்க வேண்டும். குழந்தைக்குப் பச்சை இருந்தது. டிஜிஜி என்ற சொல் டிஏஜி ஆகிவிட்டது. முந்தையது ஓர் அமினோ அமிலத்தின் பெயர், பிந்தையது முற்றுப்புள்ளி. 226 மணிகள் கோத்திருக்க வேண்டிய மாலை 23-லேயே நின்றுபோகிறது. இந்தப் புரதம் உட்காதில் அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே மதகாக நின்று பொட்டாசியத்தைத் திறந்துவிடுவது. மதகு இல்லையென்றால் கண்மாயில் தண்ணீர் இருந்தும் வயலுக்குப் போகாது.

பச்சை மட்டும் தெரிந்ததும் ரிப்போர்ட் அடிக்க உட்காரக் கூடாது. குழந்தையிடம் 13 இரண்டு படி இருக்கிறது, அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்குகிற பிசிஆரில் ஒரு படி மட்டும் பெருகி மற்றது பிடிபடாமல் போனாலும் திரையில் இதே ஒற்றைச் சிகரம்தான் வரும். இரண்டாவது படி அந்த இடத்தில் அறுந்தே போயிருந்தாலும் அப்படித்தான். அதனால் வேறு பிரைமர் போட்டு இன்னொரு தடவை பார்த்தேன். பெற்றோரின் ரத்தத்தையும் வரவழைத்தேன். இருவருக்கும் 71-ல் கறுப்பும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாதிப்பாதி உயரத்தில். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஒரு நல்ல படி போதும்.

எனக்கு இந்தச் சந்தேகப் புத்தி சும்மா வரவில்லை. சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு பையனுடைய எக்ஸ் குரோமோசோமில் இரட்டைச் சிகரம் பார்த்து ஒருநாள் முழுக்கப் புதிய கண்டுபிடிப்பு என்று மிதந்துகொண்டிருந்தேன். ஆணுக்கு ஒரு எக்ஸ்தானே, இரட்டை எப்படி வரும் என்று சாயங்காலம்தான் உறைத்தது. நான்தான் இரண்டு குழாயை இடம் மாற்றி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சாம்பிள் வந்தாலும் முதலில் எக்ஸையும் ஒய்யையும் பார்த்து, லேபிளில் உள்ள ஆண், பெண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது.

முற்றுப்புள்ளியாகிற இந்த எழுத்துப்பிழை இந்தியாவில் காதுகேளாமைக்குப் பழக்கமான காரணம். ஒரே மூதாதையிடமிருந்து பரவியது என்று 2003-லேயே எழுதினார்கள். ஸ்லோவாக்கியாவிலும் ஸ்பெயினிலும் வாழும் ரோமா மக்களிடமும் அதே எழுத்து அதே இடத்தில் மாறியிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கும் முன் இந்தியாவை விட்டுப் போனவர்கள் கையோடு கொண்டுபோனது. ஆகவே சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் இதைச் சுமந்துகொண்டு கல்யாணம் செய்துகொள்வதும் நடக்கும். படிவத்திலும் ‘இல்லை’ என்றுதான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் வேறு காரணத்துக்காகப் போட்ட, குரோமோசோம்கள் முழுக்க ஆங்காங்கே எழுத்துகளைப் பார்க்கிற சிப் பரிசோதனையின் தரவும் என்னிடம் இருந்தது. சாதாரணமாக ஒருவரின் இரண்டு படிகளையும் ஒப்பிட்டால், ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒரு வித்தியாசம் வரும். இந்தக் குழந்தையின் 13-இல் ஜிஜேபி2-ஐச் சுற்றி நெடுந்தூரத்துக்கு வித்தியாசமே இல்லை. கரிசலில் வண்டி ஓட்டுகிற மாதிரி, திருப்பம் கிடையாது. அப்பா வழிப் படியும் அம்மா வழிப் படியும் அந்த இடத்தில் ஒரே படி. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மூதாதை என்றால் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகித் துண்டாகிக் குட்டையாகியிருக்கும். இவ்வளவு நீளம் என்றால் சமீபத்தில் யாரோ ஒரே ஆள்.

ரிப்போர்ட்டைப் புரியவைக்க நானே ராஜபாளையத்துக்குப் போனேன். அதற்குத் தனியாக ஆள் உண்டுதான், ஆனால் என் சொந்த ஊர். சஞ்சீவி மலை தெரிகிற தெரு. முற்றத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய், 2005-ல் அஞ்சல் தலையில் ஏறிய ஜாதி. குழந்தையின் தாத்தா அவற்றை வளர்ப்பவர். எந்த நாய்க்கு எது தாய், எது தகப்பன் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். “நீலக்கண்ணோட பொறக்குற குட்டிக்குக் காது கேக்காதும்மா. நாங்க கை தட்டியே கண்டுபிடிச்சிருவோம்” என்றார். பேத்தியைப் பார்த்தபடி சொன்னார். அது வேறு வழி, உட்காதில் நிறமணுக்கள் இல்லாததால் வருவது, உங்கள் பேத்திக்கு அப்படி இல்லை என்றேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா தெரியவில்லை.

குழந்தையின் அம்மா, “யார்கிட்டேர்ந்து மேடம்?” என்று ஒரே கேள்வியைத்தான் மூன்று விதமாகக் கேட்டார். இருவரிடமிருந்தும், சரிபாதி என்றேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றேன். செவிநரம்பு நன்றாக இருப்பதால் காக்ளியர் கருவி நல்ல பலன் தரும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் வைத்துக்கொள்ள வழியுண்டு, தள்ளிப்போடாதீர்கள் என்றேன். அங்கே பயன்பட்ட ஒரே பேச்சு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கிளம்பும்போது, வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் கிடைக்குமா என்று கேட்டேன்.

“அப்பத்தா இருக்காங்க. ஆனா இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர்ல, எங்க அம்மா வீட்டுல.”

“உங்க அப்பத்தாவா?”

“இல்ல மேடம், அவரோட அப்பத்தா.”

பையைக் கீழே வைத்தேன். வீட்டுக்காரரின் அப்பத்தா மனைவியின் பிறந்த வீட்டில் என்ன செய்கிறார்? “வருசா வருசம் ஆடிப்பூரத் தேருக்கு ஒரு வாரம் முன்னாடியே போயிருவாங்க. அது அவங்க பொறந்த வீடும்தான.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எதையும் மறைத்த சாயலே இல்லை. எதை மறைக்க?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மறுநாள் போனேன். திருமுக்குளம் தாண்டிச் சின்ன சந்து. எண்பத்தைந்துக்கு மேலிருக்கும் ஓர் அம்மா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மடியில் தாளை விரித்து நான் வம்சப்படம் போட ஆரம்பித்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு, உறவுக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு.

“சொந்தத்துல கட்டினதான்னு ஆசுபத்திரியில கேட்டப்போ இல்லேன்னு சொல்லியிருக்கீங்களே அப்பத்தா?”

“ஆமா, இல்லேன்னுதான் சொல்லும். அக்கா மகளையா கட்டினான்? மாமன் மகளையா கட்டினான்? இவ எங்க அண்ணன் பேத்தி. எங்க அண்ணன் செத்த பெறகு போக்குவரத்து இல்லாமக் கெடந்துச்சு. விட்டுப்போன சொந்தத்த ஒட்டவைக்கணும்னு நாந்தான் பொண்ணு கேட்டேன்.”

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் 28 சதவீதம் உறவுக்குள் என்று வருகிறது. அந்தக் கணக்கில் இந்த வீடு எந்தப் பக்கம் விழுந்திருக்கும்? கேள்வியில் பிழை இருந்தது. சொந்தம் என்றால் நம் ஊரில் அது தாய்மாமன், அக்கா மகள் அளவில் நின்றுவிடுகிற சொல். அதற்கு அப்பாலிருப்பதை ‘சுத்தி வளைச்சா சொந்தம்’ என்பார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அன்றிலிருந்து நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. உங்கள் அப்பத்தா எந்த ஊர், அம்மாச்சி எந்த ஊர், அவர்கள் பிறந்த வீட்டோடு இப்போது போக்குவரத்து உண்டா என்று கேட்கிறேன். நேரம் பிடிக்கும். காபி வந்துவிடும், சில சமயம் பால்கோவாவும். ஆனால் எந்தக் குரோமோசோமில் எங்கே நீளமாகத் தேட வேண்டும் என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அப்பத்தாவின் கையைத் தொட்டு நரம்பு தேடினேன். முதுமையில் நரம்பு உருண்டு விலகும். எடுத்து முடித்ததும் பஞ்சை அமுக்கி, சத்திரப்பட்டித் துணியில் ஒரு துண்டை மடித்துக் கட்டினேன். எதற்கு இதெல்லாம் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், இந்த வீட்டிலிருந்து ஒன்று உங்களோடு ராஜபாளையம் போயிருக்கிறது, உங்கள் அண்ணன் வழியில் ஒன்று இங்கேயே இருந்திருக்கிறது, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்திருக்கிறது என்று. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கொஞ்சநேரம் தாளையே பார்த்தார்.

“எங்களுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. அவளையும் போடணுமா?”

“கண்டிப்பா. பேரு?”

“அவளுக்குக் காது கேக்காது. ஊமைச்சின்னுதான் சொல்லுவாக. வயசுக்கு வர முந்தியே காய்ச்சல்ல போயிட்டா.”

அவருடைய அப்பாவும் அம்மாவும் என்ன உறவு என்று கேட்டேன். மாமன் மகள் என்றார். ஒரு தலைமுறை மேலே போய் அங்கேயும் இரட்டைக் கோடு போட்டேன். அதன் கீழே, இவருக்கும் அண்ணனுக்கும் முன்னால், ஒரு வட்டம். உள்ளே கறுப்பாக நிரப்பி, இறந்தவர் என்பதற்கு ஒரு சாய்கோடு இழுத்தேன்.

“பேரு இருந்திருக்குமே அப்பத்தா?”

“வச்சிருப்பாக. கூப்பிட்டாத்தான் கேக்காதே தாயி, யாரு கூப்பிட்டா.”

வட்டத்துக்குக் கீழே பெயர் எழுதுகிற இடத்தில் ‘என்’ என்று போட்டேன்.